கண்டெம், டிப்ளோர், ரிக்ரெட், டேக் நோட்: ஆங்கிலச் செய்தியில் தீர்ப்பு சொல்லும் வினைச்சொற்களை எப்படி வாசிக்க வேண்டும்?

வரிவிடாதவன்

ஆங்கிலச் செய்தியைப் படித்துவிட்டுச் சுருக்கம் எழுதுகிறவர்களில் பலர் ஒரு விஷயத்தில் ரொம்பவும் அலட்சியமாக இருக்கிறார்கள். கண்டெம், டிப்ளோர், டினௌன்ஸ், சென்ஷர், ரெப்யூக், டிக்ரை என்று எது வந்தாலும் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் ‘கண்டித்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பல நேரம் செய்தியே அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது. அதைத் தொலைத்துவிட்டு மிச்சத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் பிரயோஜனம் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் விவகாரத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. முதல் வரைவில் ரஷ்யாவின் செயலைக் ‘கண்டெம்’ செய்வதாக இருந்தது. வாக்கெடுப்புக்குக் கொஞ்ச நேரம் முன்பு அதை ‘டிப்ளோர்’ என்று மாற்றினார்கள், தடை, படை நடவடிக்கைகளுக்கு வழிசெய்யும் ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயம் பற்றிய குறிப்பையும் எடுத்துவிட்டார்கள். சீனா எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மாற்றம் என்று அப்போதே செய்திகள் வந்தன. கடைசியில் 11 நாடுகள் ஆதரவு, ரஷ்யா மட்டும் எதிர்ப்பு (அதன் வீட்டோவால் தீர்மானம் தோற்றது), சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் விலகல். சீனாவின் வாக்கைத் தீர்மானித்த பேரத்தில் இந்த ஒற்றை வினைச்சொல்லும் ஒரு பகுதி. அதே செய்தியை ‘ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானம் தோல்வி’ என்று மட்டும் எழுதினால், உள்ளே நடந்த பேரத்தில் ஒரு துளிகூடப் படிப்பவருக்குப் போய்ச் சேராது.

டிப்ளோர் என்பதன் லத்தீன் வேர் அழுது புலம்புவது. கண்டெம் என்பதன் வேர் குற்றவாளி என்று தீர்ப்பு கூறுவது. முதலாவதில் ‘இப்படி நடந்துவிட்டதே’ என்ற வேதனை முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் ‘நீ செய்தாய், அது தவறு’ என்று எதிரே இருப்பவரை நோக்கி விரல் நீள்கிறது. ராஜதந்திர மொழியில் இந்த இடைவெளிக்குத்தான் விலை. இதற்கெல்லாம் மேலே ‘மிகக் கடுமையான சொற்களில்’ என்று ஓர் அடைமொழியும் சேர்ப்பார்கள். அடைமொழி குரலை உயர்த்தும், ஆனால் வினையின் படிநிலையை மாற்றாது என்பதுதான் என் வாசிப்பு.

இந்த மாதிரிச் சொற்களை நீங்கள் எப்படிப் பிரித்து வாசிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கையில் எடுத்துக்காட்டு இருந்தால் அதோடு எழுதுங்கள்.

பொன்வண்டு

நல்ல இழைதான், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. பாதுகாப்பு அவையில் கண்டெம் என்று போட்டிருந்தாலும் ரஷ்யா வீட்டோ செய்திருக்கும், டிப்ளோர் என்று போட்டதற்கும் வீட்டோதான் செய்தது. களத்தில் ஒரு டாங்கியாவது திரும்பிப் போனதா? இந்த வினைச்சொற்கள் தூதர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் மொழி. சாதாரண வாசகருக்கு யார் யாரைத் தாக்கினார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எண்ணெய் விலை என்ன ஆகும் என்பது தெரிந்தால் போதும். நீங்கள் சொல்கிற நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மரத்தைப் பார்த்துக் காட்டை விட்டுவிடுவோம்.

இன்னொன்று. ஐந்து நாள் கழித்து, 2022 மார்ச் 2 அன்று, ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தில் ‘மிகக் கடுமையான சொற்களில் டிப்ளோர்’ என்று இருந்தது. ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகல் 35. அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று, உக்ரைன் பகுதிகளில் ரஷ்யா நடத்திய வாக்கெடுப்புகள் பற்றிய தீர்மானத்தில் நேரடியாகவே ‘கண்டெம்’ என்று போட்டார்கள். ஆதரவு 143! கடுமையான சொல் போட்டபோது வாக்கு குறையவில்லை, கூடியிருக்கிறது. அப்படியானால் மென்மையான சொல்லுக்காக நடந்த பேரத்துக்கு என்ன அர்த்தம்?

மழைக்கணக்கு

பொன்வண்டு, அந்த இரண்டு தீர்மானங்களும் ஒரே பொருளைப் பற்றியவை அல்ல. மார்ச்சில் கேட்டது படையெடுப்பைப் பற்றி, அக்டோபரில் கேட்டது ஒரு நாட்டின் நிலத்தை வாக்கெடுப்பு நடத்தித் தன்னோடு இணைத்துக்கொள்ளலாமா என்பதைப் பற்றி. எல்லைப் பிரச்சினை இருக்கிற எந்த நாடும் இரண்டாவதில் தன் சொந்தக் கதையைப் பார்க்கும். அதனால் எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவுக்கு வர முடியாது.

நான் பருவநிலைப் பேச்சுவார்த்தைச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவள். கண்டெம், டிப்ளோர் எல்லாம் உரத்த சொற்கள், யாருக்கும் கண்ணில் படும். எங்கள் பக்கத்தில் சண்டை நடப்பது சாதுவான சொற்களுக்காக. 2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்சேவில் நடந்த மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 டிகிரி வெப்ப உயர்வு பற்றிய ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு) அறிக்கை அந்த ஆண்டு அக்டோபரில்தான் வெளியாகியிருந்தது. பெரும்பாலான நாடுகள் அந்த அறிக்கையை ‘வெல்கம்’ செய்ய வேண்டும் என்றன. அமெரிக்கா, சவுதி அரேபியா, ரஷ்யா, குவைத் நான்கும் முடியாது, ‘நோட்’ செய்தால் போதும் என்றன. வரவேற்கிறோம் என்றால் அதில் சொல்லியிருப்பதை ஏற்கிறோம் என்று ஆகிவிடும், கவனத்தில் கொண்டோம் என்றால் வந்தது, பார்த்தோம் என்பதோடு சரி. ஒரு சொல்லுக்காக அமர்வே முடிவு எட்டாமல் போனது.

கடைசியில் எப்படி முடித்தார்கள் தெரியுமா? மாநாட்டின் இறுதி முடிவில் அறிக்கை ‘உரிய காலத்தில் முடிக்கப்பட்டதை’ வரவேற்கிறோம் என்று எழுதினார்கள். வெல்கம் என்ற வினை உள்ளே வந்துவிட்டது, ஆனால் அது அறிக்கையின் மீது விழாமல் அதைக் குறித்த நேரத்தில் முடித்ததன் மீது விழுகிறது! செய்தியில் ‘மாநாடு அறிக்கையை வரவேற்றது’ என்று வந்தால் அது பாதி உண்மைகூட இல்லை. எனக்கு அந்த வரியைப் படித்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனென்றால் அறிக்கை சொன்ன அறிவியலைப் பற்றி அந்த வரியில் ஒன்றுமே இல்லை.

2009 கோபன்ஹேகன் உடன்பாட்டுக்கும் இதே கதி. மாநாடு அதை ஏற்கவில்லை, ‘டேக் நோட்’ செய்தது, அவ்வளவுதான். ஐ.நா. பொதுச்சபை 2001 செப்டம்பரில் ஒரு முடிவே எடுத்திருக்கிறது: ‘டேக்ஸ் நோட் ஆஃப்’, ‘நோட்ஸ்’ இரண்டும் நடுநிலைச் சொற்கள், அவற்றுக்கு ஒப்புதல் என்றோ மறுப்பு என்றோ பொருள் இல்லை என்று. இப்படி எழுதியே வைக்க வேண்டி வந்தது என்றால், இந்தச் சொற்களால் எவ்வளவு தகராறு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோப்புக்காரர்

நீதிமன்றச் செய்திகளில் நிலைமை இதைவிட மோசம். அங்கே வினைச்சொல் தவறினால் தீர்ப்பே மாறிவிடும்.

‘ஹெல்ட்’ என்று வந்தால் அது முடிவு, வழக்கின் விடை. ‘அப்ஸர்வ்ட்’ என்று வந்தால் போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்து, எழுத்தில் இருந்தாலும் பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ‘ரிமார்க்ட்’ என்று வந்தால் பெரும்பாலும் விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னது, உத்தரவில் இருக்கவே இருக்காது. இந்த மூன்றையும் தலைப்பில் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள்: ஸ்லாம்ஸ். ‘நீதிமன்றம் ஸ்லாம்ஸ் அரசு’. அடித்தது உத்தரவா, கேள்வியா, நீதிபதியின் எரிச்சலா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கொரோனா இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, அதிகாரிகள் மீது கொலை வழக்குப் போட வேண்டியிருக்கும் என்கிற அளவுக்கு வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்துப்பூர்வ உத்தரவில் அது இல்லை. தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 மே 6 அன்று வந்த தீர்ப்பில், அந்த வார்த்தைகள் கடுமையானவை, உவமை பொருத்தமற்றது என்றார்கள். அதே சமயம், வாய்மொழிக் கருத்து நீதிமன்றப் பதிவேட்டின் பகுதியே அல்ல, அதனால் நீக்கச் சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்றும், விசாரணையில் பேசுவதை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்க முடியாது என்றும் சொன்னார்கள். இரண்டுமே சரியான நிலைப்பாடு என்பது என் கருத்து. வெளியிடலாம், ஆனால் வெளியிடும்போது ‘விசாரணையில் கூறியது’ என்று சொல்ல வேண்டிய கடமை எழுதுகிறவருக்கு இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. சாதுவாகத் தெரிகிற வினைக்கு முழு வலு இருக்கிற கதை. சர்வதேச நீதிமன்றத்தின் சட்டத்தில் 41ஆம் பிரிவு, இடைக்கால நடவடிக்கைகளை ‘இண்டிகேட்’ செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்கிறது. இண்டிகேட் என்றால் சுட்டிக்காட்டுவதுதானே, கட்டளை இல்லையே என்று நாடுகள் வாதிட்டன. லாகிராண்ட் வழக்கில் நடந்ததைப் பாருங்கள். ஜெர்மன் குடிமகன் வால்டர் லாகிராண்டின் மரண தண்டனையை நிறுத்திவைக்கும்படி 1999 மார்ச் 3 அன்று நீதிமன்றம் சொன்னது. அன்றே அமெரிக்காவின் அரிசோனாவில் தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். 2001 ஜூன் 27 அன்று வந்த தீர்ப்பில்தான், இண்டிகேட் செய்த நடவடிக்கைகள் நாடுகளைக் கட்டுப்படுத்துபவையே என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஒரு வினையின் பொருளை முடிவு செய்ய அவ்வளவு காலம் ஆனது, அதற்குள் அந்த மனிதர் உயிரோடு இல்லை. பொன்வண்டு, களத்தில் என்ன மாறியது என்று கேட்டீர்களே, இதையும் கணக்கில் வையுங்கள்.

பொன்வண்டு

கோப்புக்காரர் ஐயா, லாகிராண்ட் விஷயம் கனமானது, அதை மறுக்கவில்லை. நீதிமன்றத்தில் சொல்லுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது, அதனால் சொல்லுக்கு வலு. நான் கேட்பது அரசியல் அறிக்கைகளைப் பற்றி. அங்கே பின்னால் என்ன நிற்கிறது?

ஜி20 மாநாட்டைப் பாருங்கள். 2022 நவம்பரில் பாலி அறிக்கையில் ‘பெரும்பாலான உறுப்பு நாடுகள் உக்ரைன் போரைக் கடுமையாகக் கண்டெம் செய்தன’ என்று இருந்தது. 2023 செப்டம்பரில் புது தில்லி அறிக்கையில் அந்த வாக்கியமே இல்லை. பாலியில் பேசியதை நினைவுகூர்ந்து, அவரவர் நிலைப்பாட்டை மறுபடி சொன்னோம் என்று எழுதி, நிலத்தைப் பிடிக்கப் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பொதுவாக முடித்துவிட்டார்கள். கண்டெம் இருந்த ஆண்டிலும் போர் நடந்தது, இல்லாத ஆண்டிலும் நடந்தது. சொல் வந்ததும் போனதும் அந்த மண்டபத்துக்குள் மட்டும்தான்.

வரிவிடாதவன்

நீங்கள் சொன்ன உதாரணமே எனக்குச் சாதகமாக இருக்கிறது. சொல் போனது என்பதைக் கவனித்ததால்தானே பாலிக்கும் தில்லிக்கும் இடையில் உலக அரசியல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று உங்களால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது? போரை நிறுத்த ஒரு வினைச்சொல்லால் முடியாது, அதை யாரும் இங்கே சொல்லவில்லை. யார் எவ்வளவு தூரம் வரத் தயார் என்பதை அளக்க அதைவிட நல்ல கருவி நமக்குக் கிடையாது என்பதுதான் என் வாதம். பாலி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். ‘பெரும்பாலான’ என்று எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள், கண்டித்தது ‘போரை’ என்று செயப்படுபொருளை மாற்றியிருக்கிறார்கள். ரஷ்யாவின் பெயர் பொதுச்சபைத் தீர்மானத்தை மேற்கோள் காட்டும் இடத்தில்தான் வருகிறது. யார் கண்டித்தார்கள், எதைக் கண்டித்தார்கள் என்ற இரண்டையும் பார்க்காமல் கண்டெம் என்ற சொல்லை மட்டும் பார்த்தால் அதுவும் ஏமாற்றும்.

அயல்வாசி

இந்த இழையில் சென்ஷர் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன், இன்னும் வரவில்லை. பெயர்ப் பொருத்தத்தால் மிக அதிகமாகக் குழப்புகிற சொல் இதுதான்.

அமெரிக்காவில் சென்ஷர் என்றால் அவை தன் கண்டனத்தைப் பதிவு செய்வது. பதவி போகாது. பிரதிநிதிகள் சபையில் சென்ஷர் செய்யப்பட்ட உறுப்பினர் அவையின் நடுவே வந்து நிற்க வேண்டும், சபாநாயகர் தீர்மானத்தை அவர் முகத்துக்கு நேரே வாசிப்பார். 2010 டிசம்பர் 2 அன்று சார்லஸ் ரேஞ்சல் அப்படித்தான் நின்றார், 333க்கு 79 வாக்குகள். அதற்கு ஒரு படி கீழே ‘ரெப்ரிமாண்ட்’. அதில் இப்படி முன்னால் வந்து நிற்க வேண்டியதில்லை. 1997 ஜனவரியில் சபாநாயகராக இருந்த நியூட் கிங்ரிச்சுக்குக் கிடைத்தது அது, கூடவே மூன்று லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. செய்தியில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் நின்றவருக்கும் நிற்காதவருக்கும் வித்தியாசம் தெரியாது.

செனட்டில் கதை வேறு. அங்கே சொல்லை அவ்வப்போது பேசி முடிவு செய்கிறார்கள். ஜோசப் மெக்கார்த்தியை 1954 டிசம்பர் 2 அன்று செனட் ‘சென்ஷர்’ செய்தது என்று எல்லாரும் எழுதுகிறோம், ஆனால் 67க்கு 22 என்று நிறைவேறிய தீர்மானத்தில் இருக்கிற சொல் ‘கண்டெம்’. 1979இல் ஹெர்மன் டால்மேட்ஜ் விஷயத்தில் போட்டது ‘டினௌன்ஸ்’. சென்ஷர் என்ற சொல்லைத் தவிர்த்தால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்பதற்காகத்தான் வேறு சொல்லைத் தேடினார்கள் என்ற வாதம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பொன்வண்டு கேட்ட கேள்விக்கு மெக்கார்த்தி நல்ல பதில். அந்தத் தீர்மானத்தால் பதவி போகவில்லை, 1957இல் இறக்கும்வரை செனட்டராகத்தான் இருந்தார். ஆனால் அதன் பிறகு அவர் எழுந்து பேசினால் சகாக்களும் நிருபர்களும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை.

அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனை 1834இல் செனட் சென்ஷர் செய்தது. அவருடைய ஆதரவாளர்கள் அதை விடவே இல்லை. பெரும்பான்மை கிடைத்ததும் 1837 ஜனவரியில் பழைய பதிவேட்டையே அவைக்குக் கொண்டுவரச் செய்து, அந்தத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் கோடு போட்டு, செனட் உத்தரவுப்படி நீக்கப்பட்டது என்று எழுத வைத்தார்கள். வெறும் சொல்தானே என்று ஜாக்சன் நினைக்கவில்லை.

பிரான்சுக்குப் போனால் ‘மோசியோன் து சான்சூர்’ என்பது நேராக ஆட்சியைக் கவிழ்ப்பது. 2024 டிசம்பர் 4 அன்று 331 வாக்குகளில் பிரதமர் மிஷேல் பார்னியேவின் அரசு விழுந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் சில அதைச் சென்ஷர் மோஷன் என்றே எழுதின, சில நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றன. இந்தியாவில் இரண்டும் வேறு வேறு. சென்ஷருக்குக் காரணம் சொல்ல வேண்டும், நிறைவேறினாலும் அரசு விலக வேண்டிய கட்டாயம் இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, நிறைவேறினால் அரசு போயிற்று. ஆகவே சென்ஷர் என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் எந்த நாட்டு அவை என்று பாருங்கள்.

தேர்வுப்பாதை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், தலையங்கங்களிலிருந்து சொற்களைக் குறித்து வைக்கிறேன். சென்ஷர், காஸ்டிகேட், எக்ஸ்கோரியேட், லாம்பாஸ்ட், டிக்ரை என்று ஒரு பட்டியல், எல்லாவற்றுக்கும் எதிரே ‘கடுமையாக விமர்சி’ என்றுதான் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. கட்டுரையில் இவற்றைப் போட்டால் மொழி நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் கிடைக்கும் என்கிறார்கள். போடலாமா?

இரவுமேசை

தம்பி அல்லது தங்கை, யாராக இருந்தாலும் சரி, அந்தப் பட்டியலை நம்பி எழுதாதீர்கள். நான் செய்தி மேசையில் வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பட்டியலில் இருக்கிற சொற்கள் இரண்டு வகை. சென்ஷர், கண்டெம், ரெப்ரிமாண்ட் போன்றவை ஓர் அமைப்பு முறைப்படி செய்கிற செயல்கள். அந்த அமைப்பு செய்ததா இல்லையா என்று சரிபார்க்க முடியும், பதிவு இருக்கும். காஸ்டிகேட், எக்ஸ்கோரியேட், லாம்பாஸ்ட் எல்லாம் எழுதுகிறவர் பார்த்துச் சொல்கிற வருணனை. எக்ஸ்கோரியேட் என்றால் மூலப்பொருளில் தோலை உரிப்பது. ஓர் எம்.பி. இரண்டு வாக்கியம் குறை சொன்னதற்கு அதைப் போட்டால் செய்தியில் நீங்கள் பொய் சொல்கிறீர்கள். கட்டுரையில் உங்கள் சொந்தக் கருத்தாக ‘இந்தக் கொள்கையைக் கண்டெம் செய்கிறேன்’ என்று எழுதுவதும் வெறும் சத்தம்தான். அதற்குப் பதில் அந்தக் கொள்கையில் எந்த அம்சம், யாரை, எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். தலையங்கம் எழுதுகிற நல்ல கைகள் கடுமையான வினையை ஒரு கட்டுரையில் ஒரு இடத்தில்தான் வைப்பார்கள், அதற்கு முன்னால் ஆதாரத்தை அடுக்கிவிட்டு.

‘ஸ்லாம்’ தலைப்புகளைப் பற்றிக் கோப்புக்காரர் குறைபட்டிருந்தார். அந்தச் சொல் ஏன் இவ்வளவு வருகிறது? காரணம் எளிது, நாலே எழுத்து. அச்சுத் தலைப்பில் இடம் குறைவு, கிரிட்டிசைஸ் நுழையாது. அந்தப் பழக்கம் இணையத்துக்கும் வந்துவிட்டது. அங்கே இடப் பிரச்சினை பெரிதாக இல்லை, ஆனால் சண்டை என்றால் சொடுக்குவார்கள் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மேசையில் பலமுறை மாற்றச் சொல்லிப் பேசியிருக்கிறேன்.

ஆனால் வாசகர் கண்ணுக்குத் தப்புகிற ஆபத்து இந்தப் பெரிய சொற்களில் இல்லை, ‘சொன்னார்’ என்பதற்குப் பதிலாகப் போடுகிற சின்னச் சொற்களில் இருக்கிறது. ‘க்ளெய்ம்’ என்று போட்டால் நான் நம்பவில்லை என்று நிருபர் ஜாடை காட்டுகிறார். ‘அட்மிட்’ என்று போட்டால் மறைத்து வைத்திருந்த குற்றம் வெளியே வந்ததாக ஆகிவிடுகிறது. ‘பாயிண்டட் அவுட்’ என்று போட்டால் சொன்னது உண்மைதான் என்று நாமே முத்திரை குத்துகிறோம். ‘ரெஃப்யூட்’ என்பது ஆதாரம் காட்டி முறியடிப்பது. அமைச்சர் இல்லை என்று சொன்னதற்கெல்லாம் ரெஃப்யூட் என்று எழுதினால், அவர் நிரூபித்தே விட்டார் என்று பொருளாகும். வெறும் மறுப்புக்கு ‘டினை’ போதும். ஒரே பேட்டியை எடுத்துக்கொண்டு ஒரு தரப்புக்கு ‘பாயிண்டட் அவுட்’, எதிர்த்தரப்புக்கு ‘க்ளெய்ம்ட்’ என்று போட்டு எழுதிப் பாருங்கள், ஒரு கருத்தும் சொல்லாமலே தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள். பொதுவாக ‘செட்’ என்ற சொல்லை விட்டு நகராதே என்று செய்தி நிறுவனங்கள் புதியவர்களுக்குச் சொல்லித் தருவது இதற்காகத்தான்.

இன்னொரு வில்லங்கம் செயப்பாட்டு வினை. ‘வாஸ் டீம்ட் அன்ஸேஃப்’, ‘இஸ் வைட்லி சீன் ஆஸ்’. யார் கருதினார்கள்? பொறியாளரா, அமைச்சரா, நிருபரின் பக்கத்து நாற்காலிக்காரரா? இந்த அமைப்பைப் பார்த்தால் பேனாவை எடுத்து ‘யார்?’ என்று ஓரத்தில் எழுதுவது என் வழக்கம். அடுத்த இரண்டு பத்திக்குள் பதில் வரவில்லை என்றால் அந்த வாக்கியத்தை வெட்டிவிடுவேன்.

மழைக்கணக்கு

இரவுமேசை சொன்ன ‘யார்?’ கேள்வி அருமை. அதோடு ‘ரிக்ரெட்’டையும் சேர்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 10 அன்று, ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டுக்குச் சில நாள் முன்பு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அன்றைய பிரதமர் தெரசா மே நடந்ததற்கும் அதனால் விளைந்த துன்பத்துக்கும் ஆழமாக ‘ரிக்ரெட்’ செய்கிறோம் என்றார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் உடனே எழுந்து முழுமையான, தெளிவான மன்னிப்பு வேண்டும் என்றார். அது வரவில்லை. ரிக்ரெட்டில் வருத்தம் இருக்கிறது, செய்தவர் நாங்கள் என்ற பொறுப்பு இல்லை. இதைப் போய் ‘பிரிட்டன் மன்னிப்புக் கேட்டது’ என்று பகிர்ந்தவர்கள் உண்டு. நூறு ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்வது பெரிய அநியாயம்.

கோப்புக்காரர்

டினௌன்ஸ் பற்றி அயல்வாசி தொட்டதால் ஒன்று. ஒப்பந்தங்களின் சூழலில் அந்தச் சொல்லுக்கும் திட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 56ஆம் பிரிவில் டினன்ஸியேஷன் என்றால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவது. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கையைத் துருக்கி 2021 மார்ச்சில் டினௌன்ஸ் செய்தது, ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதைக் ‘கண்டித்தது’ என்று எழுதினால், வெளியே போனவரை உள்ளே நின்று திட்டுகிறவராக ஆக்கிவிடுகிறோம்.

பொன்வண்டு

சரி, டினௌன்ஸும் சென்ஷரும் படித்த பிறகு அமைப்பு சார்ந்த சொற்களில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். கூட்டறிக்கைகள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அங்கே சொல்லை அளந்து அளந்து, அளந்த களைப்பிலேயே வாசகர் திருப்தி அடைந்துவிடுகிறார், செயல் எங்கே என்று கேட்பதில்லை. தடை விதித்தார்களா, பணம் கொடுத்தார்களா, தூதரைத் திரும்ப அழைத்தார்களா என்ற கேள்வி முதலில் வரட்டும், வினைச்சொல் அடுத்து வரட்டும்.

தேர்வுப்பாதை

கடைசியாக ஒரு சந்தேகம். ‘எக்ஸானரேட்’, ‘அக்விட்’, ‘க்ளியர்’ மூன்றும் விடுவிப்பது என்றே இருக்கிறது. இவற்றையாவது ஒன்றாக வைத்துக்கொள்ளலாமா?

அயல்வாசி

கூடாது. அக்விட் என்றால் நீதிமன்றம் விசாரித்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுவிப்பது. எக்ஸானரேட் என்றால் பழியே இல்லை என்று சுமையை இறக்கிவிடுவது. க்ளியர் என்பது தலைப்பு எழுதுகிறவர்களின் பொதுச்சொல், இரண்டுக்கும் போடுவார்கள், அதனால் அதைப் பார்த்தால் உள்ளே போய்ப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றி விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லரின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 2019 மார்ச் 24 அன்று அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்திலேயே அந்த வரி மேற்கோளாக வந்தது: அதிபர் குற்றம் செய்தார் என்று இந்த அறிக்கை முடிவு செய்யவில்லை, அதே சமயம் அவரை எக்ஸானரேட் செய்யவும் இல்லை. அது நீதியைத் தடுத்த குற்றச்சாட்டு பற்றிய வரி. அன்றே டிரம்ப் முழுமையான எக்ஸானரேஷன் என்று ட்வீட் போட்டார். முழு அறிக்கை ஏப்ரல் 18 அன்றுதான் வெளியானது. இடைப்பட்ட நாட்களில் எந்தப் பத்திரிகை க்ளியர்ட் என்று தலைப்பு வைத்தது, எது அந்த வரியை அப்படியே மேற்கோளாகப் போட்டது என்று தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேர்வுக்கு அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது உபயோகமாக இருக்கும்.